கம்பம் பள்ளத்தாக்கில் கோரியும் அயிரையும்

வண்ண மீன் கடையில் கப்பியும் மோலியும் வாங்கி முடித்தவரிடம் கடைக்காரர் கடைசியாகக் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அடியில தங்குற தீனியைத் திங்க ஒரு கோரி போட்டுத் தரவாண்ணே?" அந்த 'ஒரு' என்பதில்தான் இந்த மீனின் துன்பமெல்லாம் தொடங்குகிறது. தென் அமெரிக்க ஓடைகளில் பெருங்கூட்டமாகத் திரியும் மீன், இங்கே கண்ணாடித் தொட்டியின் மூலையில் தனியாளாக, மற்ற மீன்களின் மிச்சத்தைத் தின்னும் வேலைக்கு வந்து சேர்கிறது. சில மாதங்களில் மீசை தேய்ந்து, வயிறு ஒட்டி, வடிகட்டிக்குப் பின்னால் ஒதுங்கிச் செத்துப்போகிறது. வாங்கியவர் "நம்ம ஊருக்கு இது ஒத்து வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்.

உண்மையில் ஒத்து வருமா? தேனி மாவட்டத்தில், குறிப்பாகக் கம்பம் பள்ளத்தாக்கில், கூட்டமாக வாழும் சிறிய, சாதுவான கெளுத்தி வகைகளை வீட்டுத் தொட்டியில் நல்லபடியாக வளர்க்க முடியுமா? முடியும் என்பதே என் முடிவு. இந்தப் பள்ளத்தாக்கின் ஆற்றுத் தண்ணீர் இந்த மீனுக்குப் பெரிதும் பொருந்தும். தடையாக நிற்பவை கோடை வெயிலும், ஒற்றை மீன் விற்கும் பழக்கமும்தான். வெயிலைச் சமாளிக்க முடியாத வீட்டுக்கு, கோரியிடம் நாம் தேடும் குணங்களில் பெரும்பகுதியை உடைய மீன் ஒன்று நம் வயலிலேயே இருக்கிறது. அதைக் குழம்பில் மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம்.

கோரிடோரஸ் என்ற பெயரில் நெடுங்காலம் வழங்கிவந்தது 150-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட பெருங்கூட்டம். 2024-இல் பிரேசில் ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய மரபணு ஆய்வு அதைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டது. அறிவியல் பெயர் மாறினாலும் கடையில் இன்றும் எல்லாம் 'கோரி'தான். செதிலுக்குப் பதில் உடலின் இருபுறமும் இரண்டு வரிசை எலும்புத் தகடுகள், கீழ்நோக்கிய வாய், அதைச் சுற்றி மீசைகள். பிக்மி கோரி 3 சென்டிமீட்டரைத் தாண்டாது; வெண்கலக் கோரி 6, 7 சென்டிமீட்டர் வரை வளரும். புள்ளி போட்ட பெப்பர்டு கோரியின் முதல் மாதிரியைச் சேகரித்தவர், பீகிள் கப்பலில் உலகம் சுற்றிய சார்லஸ் டார்வின். அதை வைத்து ஜெனின்ஸ் என்ற ஆய்வாளர் 1842-இல் அந்த இனத்தை விவரித்தார். அதே இனம் 1878-இல் பாரிஸில் கார்போனியே என்பவரின் தொட்டியில் முட்டையிட்டது. ஒன்றரை நூற்றாண்டாக மனிதரின் தொட்டியில் பெருகிவரும் மீன் என்பதால், அதற்கு என்ன வேண்டும் என்பது நன்றாகவே தெரிந்த விஷயம்.

முதலில் வேண்டியது கூட்டம். ஒரே இனத்தில் ஆறு மீன். எட்டோ பத்தோ இருந்தால் இன்னும் நல்லது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெண்கலக் கோரியை வைத்து நடத்திய ஆய்வுகளில், இவை ஒன்றையொன்று உடலால் இடித்துத் தட்டியே தங்கள் நகர்வை ஒருங்கிணைத்துக்கொள்கின்றன என்று கண்டார்கள். தொட்டிக்கு முன்னால் கால் மணி நேரம் உட்கார்ந்தால் இதை நாமே பார்க்கலாம். மணலில் மூக்கைப் புதைத்து மேயும் கூட்டத்தில் ஒன்று திடீரென்று நிமிர்ந்து நீர்ப்பரப்புக்குப் பாயும். ஒரு வாய்க் காற்றை விழுங்கி, வந்த வேகத்திலேயே அடிக்குத் திரும்பும். அது இறங்கி முடிக்குமுன் அடுத்தது கிளம்பும், அதன் பின்னால் இன்னொன்று. திரும்பிய மீன் பக்கத்து மீனின் விலாவில் முட்டி, தோளோடு தோள் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். கண்ணைக் கீழ்ப்பக்கமாக உருட்டும்போது, நம்மைப் பார்த்து இமைப்பது போலவே இருக்கும். தனி மீனிடம் இதில் பெரும்பகுதியைக் காண முடியாது. இடிக்க ஆளில்லாத மீன் எந்நேரமும் அஞ்சிக்கொண்டே இருக்கும். அஞ்சும் மீன் சரியாகத் தின்னாது.

மேலே பாய்ந்து விழுங்கும் காற்றைக் கோரி நுரையீரலில் வாங்கவில்லை. குடலின் பின்பகுதியில் மெல்லிய சுவரும் நிறைய ரத்த நாளங்களும் உண்டு. அங்கேதான் ஆக்சிஜன் உறிஞ்சப்படுகிறது. ஓரிரு முறை மேலே பாய்வது அதன் இயல்பு. நிமிடத்துக்கு நிமிடம் பாய்கிறது என்றால் தண்ணீரில் ஆக்சிஜன் போதவில்லை என்று பொருள். கோடையில் நம் தொட்டிகளில் முதலில் தெரியும் அபாயக் குறி இதுதான்.

இனி தண்ணீருக்கு வருவோம். கோரிகளின் தாயகத்தில் ஓடுவது பெரும்பாலும் உப்புக் குறைந்த மென்னீர். மதுரையிலும் ராமநாதபுரத்திலும் ஆழ்துளைக் கிணற்றை நம்பி மீன் வளர்ப்பவர்கள் இந்த இடத்திலேயே சோர்ந்துவிடுவார்கள். கண்ணாடியில் வெள்ளைப் படலம் கட்டும் அளவுக்குக் கடினமான நீர் அது. கம்பம் பள்ளத்தாக்கின் நிலை வேறு. 1895-இல் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பி, லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்து, முல்லையாறாகக் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியே வந்து வைகையில் சேர்கிறது. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்வதும் பல ஊர்களின் குடிநீர்க் குழாயில் வருவதும் இந்த நீர்தான். மழைக்காட்டில் பிறந்து கடும்பாறை மேல் ஓடிவருவதால் அதில் கரைந்த சுண்ணாம்பு குறைவு. போடிக்குக் கொட்டகுடி ஆறும் பெரியகுளத்துக்குச் சோத்துப்பாறையும் இதே வகையான மலைநீரைத் தருகின்றன.

ஆனால் குழாய் நீரில் குளோரின் இருக்கும். பிளீச்சிங் பவுடர் போட்ட அன்று வாடை தூக்கலாகவே வரும். அகன்ற பாத்திரத்தில் பிடித்து ஒரு நாள் காற்றுக்குழாய் ஓடவிட்டால் குளோரின் போய்விடும். அவசரமென்றால் கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் போதும். ஆண்டிபட்டிப் பக்கமும் மேட்டு நிலங்களிலும் போர் தண்ணீரே கதி என்பவர்கள், மாடியில் பிடித்த மழைநீரை அதில் பாதியளவு கலந்து பார்க்கலாம். முதல் மழையை ஓடவிட்டு, அடுத்ததைப் பிடிக்க வேண்டும். மீனுக்கு எது வந்தாலும் கல் உப்பை அள்ளிப் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மோலிக்கு அது சரி. கோரித் தொட்டிக்கு வேண்டாம்.

தரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீன் உயிரோடு இருந்தும் உருக்குலைந்து போவது இதனால்தான். கோரி மணலை வாயில் அள்ளி, தீனியைப் பிரித்துக்கொண்டு, மணலைச் செவுள் வழியே வெளியே தள்ளும். நீலமும் சிவப்பும் பூசிய கூழாங்கல்லில் இது முடியாது. தீனி கல்லிடுக்கில் விழுந்து அழுகும். அதைத் தேடி மூக்கை நுழைக்கும் மீனின் மீசை உரசி, புண்ணாகி, அழுக்கிலுள்ள பாக்டீரியா ஏறி, அடியோடு கரைந்துவிடும். மணல்தான் வேண்டும். எந்த மணல்? கட்டுமானத்துக்கு இன்று எங்கும் கிடைக்கும் எம்-சாண்ட் உடைத்த பாறை; ஒவ்வொரு மணிக்கும் கூர்முனை உண்டு. கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாலே சொரசொரப்புத் தெரியும். ஆற்று மணல் நீரில் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. ஆனால் வைகையை மொட்டையடித்த மணல் கொள்ளையைப் பார்த்த ஊரில் அதற்கென்று ஆற்றில் இறங்க வேண்டியதில்லை. பழைய வீட்டு வேலையில் மிஞ்சிய ஒரு சட்டி மணல் இரண்டடித் தொட்டிக்குப் போதும். சல்லடையில் சலித்து, கலங்கல் போகும் வரை அலசி, துளி வினிகர் விட்டுப் பார்க்க வேண்டும். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, வேண்டாம். தண்ணீர் வடிகட்டும் ஆலைகளுக்கு விற்கும் சிலிக்கா மணலில் உருண்ட மணியுள்ளதும் நன்றாகப் பொருந்தும்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்று எங்கும் கிடைக்கும் தொட்டியில் 56 லிட்டர் கொள்ளும். ஆறு கோரிக்கு இதுவே தொடக்கம். இதைவிட உயரமான தொட்டியைத் தேடுவதில் பயனில்லை. அடியில் மேயும் மீனுக்கு நீளமும் அகலமும்தான் வீடு. ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிய ஒரு மரக்கட்டையோ கவிழ்த்த மண்சட்டித் துண்டோ, ஜாவா மாஸ் போன்ற செடி. தொட்டியில் நீர் நிரப்பிய மறுநாளே மீனை விடக் கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஏற்கெனவே ஓடும் தொட்டியின் ஸ்பாஞ்சைப் பிழிந்து ஊற்றினால் காலம் குறையும். பிறகு வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்ற வேண்டும்.

இத்தனையும் செய்தாலும் ஏப்ரலும் மேயும் வரும். பெரும்பாலான கோரிகளுக்கு 22 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை உகந்தது. தேனிச் சமவெளியில் கான்கிரீட் தளம் போட்ட வீட்டுத் தொட்டி கோடையில் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். வெப்பம் ஏறும்போது இரண்டு பக்கமும் அடி விழுகிறது: 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் நீர், 30 டிகிரியில் 7.6 மில்லிகிராமைத்தான் தாங்கும். மீனின் உடலோ கூடுதல் ஆக்சிஜன் கேட்கும். எனவே எந்தக் கோரி என்பதை நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கறுப்பு வெள்ளையில் அழகாக இருக்கும் பாண்டா கோரியும், டார்வினின் பெப்பர்டு கோரியும் குளிர்ந்த நீரை விரும்புபவை. மேகமலை, குரங்கணி மாதிரி மலையூர்களில் அவை சுகமாக இருக்கும். தேனி நகரில் அவற்றை வாங்குவது அந்த மீன்களுக்குச் செய்யும் கொடுமை. சூடு தாங்குவதில் முதலிடம் வெள்ளைப் புள்ளியும் ஆரஞ்சுத் துடுப்பும் கொண்ட ஸ்டெர்பா கோரிக்கு. 28 டிகிரியில் அது இயல்பாக இருக்கும். அடுத்தது வெண்கலக் கோரியும், அதன் வெளிறிய வடிவமான அல்பினோவும். இந்த மூன்றுமே பண்ணைகளில் பெருக்கப்படுபவை என்பதால் ஆற்றிலிருந்து பிடித்து வந்த மீனோ என்ற உறுத்தலும் குறைவு. அல்பினோவுக்கு ஊதாவும் பச்சையும் சாயம் ஏற்றி விற்பதும் உண்டு. அதை யாரும் வாங்கக் கூடாது. வாங்க ஆளில்லாமல் போனால்தான் அந்தச் சித்திரவதை நிற்கும்.

கோடையைச் சமாளிக்க விலையுயர்ந்த சில்லர் தேவையில்லை. தொட்டி மூடியைத் திறந்து, வலை போட்டு, சிறு மின்விசிறியின் காற்றை நீர்ப்பரப்பின் மேல் அடிக்கவிட்டால் ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். காற்று வறண்டிருக்கும் நம் கோடையில் இது நன்றாகவே வேலை செய்யும். மேற்குச் சுவரை ஒட்டித் தொட்டி வைக்கக் கூடாது. மின்தடைக்கென்று பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். ஜூன் பிறந்து கம்பம் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று இறங்கிவிட்டால் பள்ளத்தாக்கின் மேல்பகுதி தானாகவே குளிர்ந்துவிடும். மதுரைக்காரருக்கு வாய்க்காத வசதி அது.

தீனி விஷயத்தில் ஒன்றே ஒன்று: கோரி கழிவு தின்னும் மீன் இல்லை. அதற்கென்று மூழ்கும் தீனி, விளக்கணைத்த பிறகு, தனியாகப் போட வேண்டும். கண்ணாடியில் படியும் பாசியையும் அது தொடாது.

கோரியைத் தவிர வேறு கூட்டக் கெளுத்திகள்? உடலுக்குள் எலும்பு தெரியும் கண்ணாடிக் கெளுத்தி தாய்லாந்திலிருந்து வருவது. நடுநீரில் ஒரே திசை பார்த்துக் கூட்டமாக நிற்கும், பரம சாது. ஆனால் அழுக்கு நீரையும் திடீர் மாற்றத்தையும் தாங்காது. புதிதாகத் தொடங்குபவருக்கு அல்ல. பாசி மேயும் ஓட்டோசிங்க்லஸும் அப்படித்தான், பசியோடு கடைக்கு வந்து பலவும் முதல் மாதத்திலேயே இறந்துபோகும்.

நம் கெளுத்தியையும் சொல்லியாக வேண்டும். உடலில் நீளவாட்டில் கோடு போட்ட நாட்டுக் கெளுத்தியை மிஸ்டஸ் விட்டாட்டஸ் என்பார்கள். தரங்கம்பாடியிலிருந்து போன மாதிரிகளைக் கொண்டு பெர்லினில் இருந்த பிளாக் என்ற ஆய்வாளர் 1794-இல் அதை விவரித்தார். குளத்திலும் வாய்க்காலிலும் கூட்டமாகத் திரியும், சூடு தாங்கும், கையில் எடுத்தால் கிறீச்சென்று சத்தம் போடும். வெளிநாட்டு மீன் வளர்ப்பாளர்கள் இதை விரும்பி வளர்க்கிறார்கள். ஆனால் 'சாது' என்ற சொல்லை நான் இதற்குத் தரமாட்டேன். விரல் நீளத்தைத் தாண்டியதும் வாயில் அடங்கும் கப்பியை இரவோடு இரவாக விழுங்கிவிடும். அதன் முள் குத்தினால் கை கடுக்கும். நான்கடித் தொட்டியில், தன் அளவுக்குக் குறையாத கெண்டைகளோடு, ஐந்தாறாக வைத்தால் மட்டுமே சரிவரும்.

சரி, வெயிலையும் தாங்க வேண்டும், கூட்டமாகவும் இருக்க வேண்டும், யாரையும் தொந்தரவு செய்யவும் கூடாது, மணலைச் சலித்து மேய வேண்டும் என்றால்? அதற்கு அயிரை இருக்கிறது. கெளுத்திக் குடும்பமில்லை, லோச் எனப்படும் வேறு குடும்பம். ஆனால் கோரி செய்யும் வேலைகளில் பெரும்பாலானவற்றை அயிரையும் செய்யும். வாயைச் சுற்றி மீசை, மணலை அள்ளிச் செவுள் வழியே விடுவது, கும்பலாகப் படுப்பது. குடலால் காற்றை உறிஞ்சும் திறனும் அந்தக் குடும்பத்து மீன்கள் பலவற்றுக்கு உண்டு. நம் அயிரை 8 சென்டிமீட்டருக்கு மேல் வளர்வது அரிது. 1846-இல் வலாஞ்சியேன் என்ற ஆய்வாளர் இதை விவரித்தது திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியா வெந்நீர் ஊற்றுகளில் கிடைத்த மீனைக் கொண்டு. அந்த இனத்துக்குத் தேனியின் மே மாதம் பெரிய சோதனை அல்ல.

மதுரை, தேனிப் பக்கம் அயிரையை உயிரோடுதான் விற்பார்கள். அலுமினியச் சட்டியில் தண்ணீருக்குள் பின்னிப் பிணைந்து நெளியும். குழம்பு வைக்கும் முன் பாலில் விட்டு மண்ணைக் கக்க வைப்பது வீட்டுப் பெண்கள் அறிந்த கலை. அந்தச் சட்டியிலிருந்து பத்து மீனைத் தொட்டிக்கு மாற்றலாம். தோல் உரிந்ததையும் சிவந்த புள்ளி உள்ளதையும் விட்டுவிட்டு, தொட்டவுடன் துள்ளுவதை எடுக்க வேண்டும். இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்ற மீன்களோடு விடலாம். முதல் நாள் தொட்டியில் ஒன்றுகூடக் கண்ணில் படாது, எல்லாம் மணலுக்குள் போய்விடும். மாலையில் ஒரு கண்ணிணை மணலுக்கு மேல் எழும், பிறகு இன்னொன்று. வாரம் போனதும் பகலிலேயே வெளியே வந்து, செடியடியில் ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கும். பழுப்பும் மணல் நிறமும் கலந்த அந்த உடலில், பக்கவாட்டில் கறுப்புத் திட்டுகள் வரிசையாக ஓடுவதைச் சட்டியில் யாரும் பார்த்திருக்க முடியாது. மூடி மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். அயிரை சின்ன இடைவெளியிலும் வெளியேறிவிடும். கண்ணுக்குக் கீழே நிமிரும் சிறு முள் ஒன்று உண்டு, வலையில் மாட்டிக்கொள்ளும். கோரிக்கும் மார்புத் துடுப்பு முள் அப்படிப் பூட்டிக்கொள்ளும். இரண்டையும் வலையால் பிடிக்காமல் ஒரு டப்பாவால் மொண்டு எடுப்பதே நல்லது.

அயிரை குறைந்து வருகிறது, அதைத் தொட்டிக்கும் பிடிக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்கோட்டு மீனான மிஸ் கேரளா, தொட்டி வியாபாரத்துக்காகப் பிடிக்கப்பட்டே அழியும் நிலைக்குத் தள்ளப்பட்டது. ஆனால் அயிரையைக் குறைப்பது தொட்டி அல்ல. வயலில் தெளிக்கும் மருந்தும், கண்மாய் தூர்ந்துபோவதும், சிமென்ட் பூசிய வாய்க்காலும்தான். கிலோக் கணக்கில் குழம்புக்குப் போவதில் பத்து மீன் ஒரு தொட்டியில் சில ஆண்டுகள் வாழ்ந்தால் நஷ்டமில்லை. மாறாக, அதைத் தினமும் பார்க்கும் பிள்ளை வயல் மருந்தைப் பற்றி ஒருநாள் கேட்கும்.

கோரி குஞ்சு பொரிப்பதையும் இந்த ஊரில் பார்க்க முடியும். ஐப்பசி மழை நாளில், தொட்டி நீரில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்த மென்னீரை ஊற்றினால், நன்றாகத் தின்று பருத்த வெண்கலக் கோரி மறுநாளே முட்டையிடக்கூடும். ஆணின் வயிற்றுப் பக்கம் பெண் வாயை வைத்து T வடிவில் நிற்கும். பெண் விந்தை விழுங்கி, அது குடல் வழியே வேகமாகக் கடந்து வெளியேறி, அடித்துடுப்புகளைக் கூப்பி ஏந்திய முட்டைகளில் படுகிறது என்று 1995-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிறகு அந்த முட்டைகளைக் கண்ணாடியில் ஒட்டும். நான்கைந்து நாளில் பொரியும். பெற்றோரே தின்றுவிடாமல் முட்டைகளை விரலால் உருட்டி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் வைக்க வேண்டும்.

கடைசியாக, வேண்டாத மீனை என்ன செய்வது என்ற கேள்வி. பள்ளத்தாக்கில் எந்த வாய்க்காலில் விட்டாலும் அது முல்லையாறு வழியே வைகை அணைக்கும், அங்கிருந்து மதுரைக் கண்மாய்களுக்கும் போகும். 'டேங்க் கிளீனர்' என்று குட்டியாக வாங்கி, ஒரு முழம் வளர்ந்ததும் குளத்தில் விட்ட சக்கர் மீன் தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி, மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும், திலேப்பியாவும் மேலே பெரியாறு ஏரிக்குள்ளேயே புகுந்துவிட்டன. உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் வாழும் ஏரி அது. சுந்தரராஜ் 1941-இல் விவரித்த லெபிடோபைகாப்சிஸ் என்ற மலைக்கெண்டை பெரியாற்றின் தலைப்பகுதியில் மட்டுமே இருக்கிறது. கோரி சிறியது, சாது, என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஊர் மாறிப் போகிறவர்கள், தொட்டியை மூடுகிறவர்கள், மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். பெரும்பாலான கடைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். இல்லையென்றால் மீன் வளர்க்கும் இன்னொரு வீட்டுக்குக் கொடுங்கள், ஆறையும் சேர்த்தே கொடுங்கள்.